கேமரா இணையவில்லையா? மூன்று வாசல்களைப் பாருங்கள்



சரக்கு, விலை, வரி என்று எழுதி வந்த நாம் இந்த இதழில் கேமராவைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. கல்லாவைப் பார்க்க ஒன்று, கிடங்கைப் பார்க்க ஒன்று என்று நம்மில் பலர் சிறிய வைஃபை கேமராக்களை வாங்கி மாட்டியிருக்கிறோம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரவில் கரடி வந்து கதவை உடைத்து எண்ணெயையும் வெல்லத்தையும் காலி செய்துவிட்டுப் போவது நமக்குப் புதிதல்ல. கடைக்கு மேலேயே குடியிருப்பவர்கள், மாடியில் தூங்கும் குழந்தையைக் கீழே கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொள்ளவும் இதை வைக்கிறார்கள்.

வாங்குவது எளிது. செல்போனோடும் வைஃபையோடும் அதை ஜோடி சேர்ப்பதில்தான் தகராறு. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். செல்போன் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று வரும். நான்கு முறை முயன்றுவிட்டு, சரக்கு மோசம் என்று திருப்பிக் கொடுக்கப் போவோம். நாம் பார்த்தவரையில், திருப்பிக் கொடுக்கப்படும் கேமராக்களில் பெரும்பாலானவை நல்ல சரக்குதான். பழுது வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது

முதலில் நம் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறோம். மண்டி கீழே, வீடு மேலே. மருமகள் பகலில் கணக்கு மேசையில் உட்காருவார். எட்டு மாதப் பேத்தி மாடியில் தூங்குவாள். அதற்காக ஒரு கேமரா வாங்கி மாட்டினோம். ஜோடி சேர்ப்பதற்குள் இரண்டு நாள் போயிற்று. எப்படியோ படம் வந்ததும், இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னது நாம்தான்.

ஒரு மாலை, லாரி வந்து மூட்டை இறங்கும் நேரம். மருமகள் செல்போனைப் பார்த்தபோதெல்லாம் குழந்தை ஒரே பக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று, "மாமா, இதில் மணி மூன்று ஐம்பது என்று இருக்கிறது. இப்போது நாலேகால் ஆகிறதே!" என்றார். ஓடினோம். குழந்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கம்பளியோடு நழுவி விழுந்து, அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. கடவுள் புண்ணியத்தில் காயம் இல்லை. இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்பே இணைப்பு அறுந்து, பழைய படம் அப்படியே நின்றுவிட்டிருக்கிறது. நின்ற படத்தைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அரைகுறையாக ஜோடி சேர்ந்த கேமரா, கேமராவே இல்லாததைவிட ஆபத்தானது என்பதை அன்று கற்றுக்கொண்டோம். கேமரா இல்லாவிட்டால் அரைமணிக்கு ஒருமுறையாவது மாடிக்குப் போய்ப் பார்த்திருப்போம் அல்லவா?

ஜோடி சேர்வது என்றால் என்ன?

மண்டிக்கு ஒரு புதுப் பையன் வேலைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நாம் அவனிடம் கிடங்கின் பெயரையும் அடையாளச் சொல்லையும் சொல்லி அனுப்புகிறோம். அவன் கிடங்குக்குப் போய் அதைச் சொல்கிறான். காவலாளி உள்ளே விடுகிறார். பிறகு அவன் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, இன்னாருடைய ஆள் வந்து சேர்ந்தேன் என்று பதிவு செய்கிறான். அங்கிருந்து நமக்குத் தகவல் வருகிறது.

கேமராவும் இப்படித்தான். முதல் வாசலில், செல்போன் கேமராவுக்கு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்கிறது. இரண்டாம் வாசலில், கேமரா அதை வைத்துக்கொண்டு ரௌட்டரிடம் போகிறது. மூன்றாம் வாசலில், இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம் கணக்கில் பதிவாகிறது. மூன்றும் முடிந்தால்தான் செல்போனில் படம் வரும். பேரேடு டேலி ஆகாவிட்டால் முழுப் பேரேட்டையும் கிழித்துப் போடுவதில்லை. பக்கம் பக்கமாகப் பார்க்கிறோம். இங்கும் எந்த வாசலில் ஆள் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

முதல் வாசல்: செல்போனிலிருந்து கேமராவுக்கு

1. கேமரா காத்திருக்கும் நிலையில் இருக்க வேண்டும். ரீசெட் பொத்தானை ஐந்து முதல் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு சிமிட்டும், அல்லது குரல் கேட்கும். தட்டிவிட்டுக் கையை எடுத்தால் போதாது. சில நிமிடம் கழிந்தால் அந்த நிலை தானே முடிந்துவிடும். மீண்டும் அழுத்த வேண்டும்.

2. செல்போன் திரையில் தெரியும் கியூ.ஆர். கட்டத்தைக் கேமராவுக்குக் காட்டுவது ஒரு முறை. கேமரா கண்ணின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுக்காமல் காட்டுபவர்கள் உண்டு. திரை வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். டியூப்லைட் திரையில் எதிரொளித்தாலும் கேமராவுக்குப் படிக்க வராது.

3. கேமராவே தற்காலிகமாக ஒரு வைஃபையை உண்டாக்கி, செல்போனை அதில் சேரச் சொல்வது இன்னொரு முறை. அதில் சேர்ந்தவுடன், 'இதில் இன்டர்நெட் இல்லை, விட்டுவிடலாமா?' என்று செல்போன் கேட்கும். விடக் கூடாது. செல்போனின் மொபைல் டேட்டாவை அந்த ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் செல்போன் நமக்குத் தெரியாமலேயே சிம் கார்டு பக்கம் தாவிவிடும். வி.பி.என். இருந்தால் அதையும் அணைக்க வேண்டும்.

4. ஆண்ட்ராய்டு போன்களில் சுற்றியுள்ள வைஃபைகளை ஆப் தேடுவதற்கு இருப்பிட அனுமதி பெரும்பாலும் தேவை. ஐபோனில் 2020 முதல் 'உள்ளூர் நெட்வொர்க்' அனுமதியை ஆப் தனியாகக் கேட்கிறது. அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால் செட்டிங்ஸில் போய்த் திறந்துவிட வேண்டும். வேலை முடிந்தபின் இருப்பிட அனுமதியை மூடிவிடலாம்.

இரண்டாம் வாசல்: கேமராவிலிருந்து ரௌட்டருக்கு

நாம் பார்த்த தகராறுகளில் அதிகம் இந்த வாசலில்தான். அதில் முதலிடம் அலைவரிசைக்கு. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வழிகளில் ஓடுகிறது. மலிவான கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். செல்போன் 5இல் இருந்துகொண்டு அந்தப் பெயரைக் கேமராவுக்குக் கொடுத்தால், கேமரா போய்த் தேடிவிட்டு அப்படி ஒரு கடையே இல்லை என்று திரும்பி வரும். ரௌட்டரில் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று போட்டிருப்பது இந்த 5 கிகாஹெர்ட்ஸைக் குறிக்கிறது. செல்போன் கம்பெனியின் 5ஜி சேவை வேறு, இது வேறு. இரண்டு வழிக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ரௌட்டர் போட்ட ஆளிடம் சொல்லித் தனித்தனிப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். அல்லது ஜோடி சேரும் வரை 5ஐ அணைக்கச் சொல்லுங்கள்.

2.4 வழியை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் விதி வந்தது 2005 ஜனவரியில். 5இல் தாராளமாக இடம் திறந்துவிட்டது 2018இல். இலவசப் பாதை என்பதால் 2.4இல் சந்தை நாள் கூட்டம்: பக்கத்துக் கடை ரௌட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான். ஆனால் சுவரைத் தாண்டிப் போவதில் 5ஐவிட 2.4தான் மேல். கூட்டத்தில் இடிபடாமல் இருக்க ரௌட்டரை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் ஒன்றில் நிறுத்துவது நல்லது. இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அமெரிக்காவிலிருந்து வந்த கேமராவுக்கு 12, 13 சேனல்கள் கண்ணுக்கே தெரியாமல் போவதும் உண்டு.

அடுத்தது பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கடைசியில் ஒரு வெற்றிடம் என்று எது தவறினாலும் கதவு திறக்காது. செல்போன் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துத் தானே நிரப்பிவிடுவதும் உண்டு. கண் குறியைத் தட்டி எழுத்துகளைப் பார்த்தபின் அனுப்புங்கள். வைஃபை பெயரில் தமிழ் எழுத்தோ, பூப் படமோ, விசித்திரக் குறிகளோ இருந்தால் சில கேமராக்கள் திணறும்; பெயரைச் சாதாரண ஆங்கில எழுத்துகளில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது பூட்டின் வகை. புதிய ரௌட்டர்களில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற பூட்டு இருக்கிறது. பழைய கேமராவுக்கு டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் தெரியும். இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையில் ரௌட்டரை வைத்தால் தீரும். பூட்டே இல்லாமல் திறந்து போடுவது மட்டும் கூடவே கூடாது.

மூன்றாம் வாசல்: கணக்கில் பதிவு

'ரௌட்டரில் சேர்ந்தது, ஆனால் பதிவாகவில்லை' என்றால் முதலில் இன்டர்நெட் ஓடுகிறதா என்று பாருங்கள். பில் கட்டாமல் நின்றிருந்தாலும் வைஃபை குறி முழுதாகவே தெரியும். ஆப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியா இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கென்று செய்த சரக்கு இந்தியக் கணக்கில் ஏறாமல் போகலாம்.

இந்த வாசலில் வியாபாரிகளுக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மாட்டிக் கொடுக்க வந்த பையன் அவசரத்துக்குத் தன் செல்போனில், தன் கணக்கில் பதிவு செய்துவிட்டுப் போய்விடுகிறான். பிறகு நாம் ஆயிரம் முறை ரீசெட் செய்தாலும், 'வேறொருவர் கணக்கில் உள்ளது' என்று வரும். பல கம்பெனிகளின் கேமராக்களில் ரீசெட் வைஃபை விவரத்தை மட்டுமே அழிக்கிறது. உரிமையாளர் பெயரை அழிப்பதில்லை. பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் வழி. இதில் தொல்லையைவிட ஆபத்து பெரிது. கல்லாவும், கிடங்கும், குழந்தை தூங்கும் அறையும் இன்னொருவர் செல்போனில் தெரிந்துகொண்டிருக்கும். ஆகவே, பதிவு நம் செல்போனில், நம் எண்ணில், நம் கண்முன் நடக்க வேண்டும். கிரயப் பத்திரத்தை வேறொருவர் பெயரில் எழுத விடுவோமா?

மலைக்கே உரிய தொல்லைகள்

ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, இந்த மலையில் கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்த சுவர்கள் எழுந்திருக்கின்றன. நம் பழைய கடைகள் பலவும் அந்த வகை. மேலே தகரக் கூரை, நடுவில் இரும்பு ஷட்டர். கல் அலையை விழுங்கும். தகரம் திருப்பி அடிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் தூரம் வெட்டவெளிக் கணக்கு. ஆகவே கேமராவை மாட்டும் இடத்தில் வைத்து ஜோடி சேர்க்க வேண்டாம். ரௌட்டருக்கு ஆறு அடி தூரத்தில் மேசைமேல் வைத்துச் சேருங்கள். சேர்ந்தபின் மாட்டும் இடத்துக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். மேசையில் வேலை செய்து அங்கே செய்யாவிட்டால், குறை கேமராவில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ரௌட்டரை உயரத்தில், அலமாரிக்கு வெளியே வைக்கலாம். அல்லது நடுவில் இன்னொரு வைஃபை பெட்டி வைக்கலாம். கிடங்கு தனிக் கட்டிடமானால் கேபிள் இழுத்துவிடுவதே உத்தமம்.

பனிமூட்டம் வந்தால் வைஃபை போய்விடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்குப் பனிமூட்டம் இந்த அலையைத் தடுப்பதில்லை. அந்த நேரத்தில் கரண்ட் ஏறி இறங்குவதும், ஈரத்தில் ஒயர் இணைப்புகள் பச்சை பிடிப்பதும்தான் பெரும்பாலும் காரணம். நனைந்த மர இலைகள் மட்டும் ஓரளவு தடுக்கும். வெளியில் மாட்டும் கேமராவின் ஒயர் முடிச்சைச் சிறு பெட்டிக்குள் வைத்து, ஒயர் கீழ்நோக்கி வளைந்து ஏறும்படி விட்டால் தண்ணீர் உள்ளே வழியாது.

பகலில் நன்றாக ஓடும் கேமரா இருட்டியதும் அறுந்து அறுந்து போகிறதா? அடாப்டரைப் பாருங்கள். இருட்டில் பார்ப்பதற்கான விளக்குகள் எரியும்போது கேமரா அதிகக் கரண்ட் இழுக்கும். பழைய செல்போன் சார்ஜரோ, நீண்ட மெல்லிய ஒயரோ அதைத் தாங்காது. கேமரா அணைந்து மறுபடி எழும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள். பேட்டரி கேமரா வைத்திருப்பவர்கள், உறைபனி கொட்டும் இரவுகளில் வெளியே வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது கெடும்.

மின்தடை முடிந்து வரும்போது கேமரா முந்தி எழுந்து, ரௌட்டர் பிந்தி எழுந்தால், சில கேமராக்கள் மறுபடி தேடாமல் நின்றுவிடும். கேமராவை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் போதும். ரீசெட் செய்ய வேண்டியதில்லை. ரௌட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் தீரும்.

பேபி மானிட்டர்

குழந்தைகளுக்கென்றே செய்த கருவிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் லிண்ட்பெர்க் என்ற விமானியின் குழந்தை 1932இல் கடத்திக் கொல்லப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பின் 1937இல் ஜெனித் ரேடியோ கம்பெனி 'ரேடியோ நர்ஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. வீட்டு மின்சார ஒயர் வழியாகவே குழந்தையின் சத்தத்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோனது அது. வேறு ரேடியோ சத்தங்களும் அதில் கலந்து வந்தன. ஆக, இணைப்புத் தகராறு அன்றே தொடங்கிவிட்டது.

இப்போது வருபவற்றில், தாய்க்கு ஒரு திரை, குழந்தைக்கு ஒரு கேமரா என்று ஜோடியாக வரும் வகைக்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். இரண்டையும் ஒரு மீட்டருக்குள் வைத்து, இரண்டிலும் ஜோடி சேர்க்கும் பொத்தானைப் புத்தகத்தில் சொன்ன நேரத்துக்குள் அழுத்தினால் சேர்ந்துவிடும். இதில் பல 2.4 வழியிலேயே ஓடுவதால் ரௌட்டருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. தூரம் தாண்டினால் கூவும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மாடியில் தூங்கும் குழந்தைக்கு அந்தக் கூவலே முக்கியம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் மானிட்டரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். 120 மட்டும் என்றால் நம் 230இல் செருகியதும் புகைந்துவிடும். மேலும் சில கருவிகள் அந்த நாட்டில் மட்டும் திறந்துவிட்ட அலைவரிசையில் ஓடுபவை. அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளுக்கு விட்டிருக்கும் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் ஒரு பாகம் இங்கே செல்போன் கம்பெனிகளுக்கு உரியது. அவை இங்கே ஒழுங்காக ஓடாது, ஓட்டுவதும் முறையல்ல.

எந்தக் கருவியானாலும் ஒயர் குழந்தையின் கட்டிலிலிருந்து மூன்றடிக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒயர் கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்ததால் 2011இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆணையம் இந்த எச்சரிக்கையை விடுத்தது.

சேர்ந்த பிறகு

கேமராவுடன் வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீய புரோகிராம், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. வேலையாள் விலகிப் போனால், சாவியை வாங்கிக்கொள்வது போல அவர் செல்போனில் கொடுத்திருந்த பார்வையையும் நீக்கிவிடுங்கள். கேமராவை விற்பதானால் நம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு விற்க வேண்டும். கேமரா விற்கும் உறுப்பினர்கள், கண்காணிப்புக் கேமராக்களுக்கான பாதுகாப்புச் சோதனை விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததை மனத்தில் கொண்டு, பி.ஐ.எஸ். பதிவு உள்ள சரக்கையே கொள்முதல் செய்ய வேண்டும்.

கடைசியாக, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தினமும் சோதியுங்கள். படத்தின் மூலையில் ஓடும் மணியைப் பாருங்கள்; வினாடி நகர வேண்டும். வீட்டில் ஒருவரைக் கேமராவுக்கு முன்னால் கை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே, அது போல இதுவும் பழக்கமாக வேண்டும்.

எங்கள் பேத்தி இப்போது மண்டியில் மூட்டைமேல் ஏறி விளையாடுகிறாள். மாடிக் கேமரா இன்னும் ஓடுகிறது. ஆனாலும் அவள் தூங்கும் நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை யாராவது படியேறிப் போய்ப் பார்க்கிறோம். அதை நிறுத்துவதாக இல்லை.